3,400 பேரில் 61 பேர்தான் வந்தார்கள்

வாசகர் கடிதம்:

வணக்கம் சார். போச்சம்பள்ளி பக்கம் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறேன். வயது 52. 2014-இல் அண்ணன் மகன் ஒரு சமூக ஊடகத்தில் நர்சரி பெயரில் பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தான். கூடவே மா விவசாயிகளுக்கென்று ஒரு குரூப். இன்று அதில் 3,400 பேர் இருக்கிறார்கள். கன்று ஆர்டரில் பாதிக்கு மேல் அந்த வழியாகத்தான் வருகிறது.

மூன்று வருடமாக அங்கே இருக்கவே பிடிக்கவில்லை. காசு கட்டி விளம்பரம் போட்டாலொழிய நான் போடுவது யாருக்கும் போய்ச் சேருவதில்லை. என் நர்சரி பெயரில் எவனோ போலிப் பக்கம் திறந்து நான்கு பேரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டான். புகார் செய்தால் இயந்திரம் பதில் அனுப்புகிறது. கல்லூரியில் படிக்கும் மகள் வேறொரு தளத்தைக் காட்டினாள். விளம்பரம் இல்லாமல் சுத்தமாக இருந்தது. போன ஆடி முதல் தேதி, 'இனி நாம் எல்லோரும் அங்கே' என்று குரூப்பில் அறிவித்தேன்.

61 பேர் வந்தார்கள். முதல் வாரம் வணக்கமும் வாழ்த்தும். இரண்டாம் வாரம் ஐந்தாறு பேர் பேசினார்கள். பிறகு நான் மட்டும் போட்டோ போட்டுக்கொண்டிருந்தேன். ஆடி முடிவதற்குள் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். 'நீங்க அதுக்கு அடிமை ஆயிட்டீங்கப்பா' என்கிறாள் மகள். பீடியை ஒரே நாளில் விட்டவன் சார் நான். இதை ஏன் விட முடியவில்லை? திரும்ப முயற்சி செய்யலாமா? இன்னொன்று: எங்கள் செந்தூரா தாய் மரத்தில் முதல் பூங்கொத்து வரும் அன்றைக்கு ஒரு போட்டோ எடுத்துப் போடுவேன். 2015-லிருந்து ஒரு வருடம்கூட விட்டதில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

பதில்:

வணக்கம் ஐயா. இரண்டு தளங்களின் பெயரையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். எந்தப் பெயரைப் போட்டாலும் கதை பெரிதாக மாறப் போவதில்லை.

முதலில் பீடி விஷயம். நீங்கள் பீடியை விட்ட நாளில் பக்கத்துத் தோட்டக்காரரும் விட்டாக வேண்டும் என்று ஏதாவது இருந்ததா? அவர் இழுத்துக்கொண்டே இருந்தாலும் நீங்கள் விட்டது விட்டதுதான். இது அப்படியில்லையே. தனியாக வெளியேறினால் கையில் மிஞ்சுவது ஒரு காலி அறை. அந்தக் காலி அறையில் நீங்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போட்டோ போட்டிருக்கிறீர்கள். மன உறுதி இல்லாத ஆள் மூன்றாம் நாளே எழுந்து வந்திருப்பார்.

உங்கள் ஊர்ச் சந்தையையே எடுத்துக்கொள்வோம். போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தைக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒரு புதுச் சந்தை கட்டுகிறார் என்று வையுங்கள். சிமென்ட் தரை, தகரக் கூரை, குடிநீர், சுங்கம் கிடையாது. ஞாயிறு காலை நீங்கள் மட்டும் கன்றுகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அங்கே போகிறீர்கள். வாங்க ஆள் இல்லை. வாங்குகிறவர் ஏன் வரவில்லை? அவருக்கு மாங்கன்று மட்டும் போதாது. ஆடு பார்க்க வேண்டும், விதை வாங்க வேண்டும், போன வாரம் கடன் சொல்லிப் போனவரைப் பிடிக்க வேண்டும். ஆட்டுக்காரர் ஏன் வரவில்லை? வாங்குகிறவர் வரவில்லை, அதனால். ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்திக் கேட்டால், 'புது இடம் நல்லாத்தான் இருக்கு, எல்லாரும் போகட்டும், நானும் வர்றேன்' என்பார். அதே வாக்கியத்தை ஆயிரம் பேரும் சொல்வார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் சந்தை பழைய சேற்றிலேயேதான் கூடும்.

உங்கள் குரூப்பில் நடந்தது இதுதான். 3,339 பேர் உங்களை மறுத்துவிட்டதாக நினைக்காதீர்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஈதர்நெட் என்னும் கணினி இணைப்பு முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்காஃப் பெயரில் ஒரு கணக்கு உண்டு. ஒரு வலைப்பின்னல் எவ்வளவு மதிப்புப் பெறும் என்று பார்க்க ஆட்களை எண்ணாதே, அவர்களுக்குள் எத்தனை ஜோடி அமையும் என்று எண்ணு என்பது அதன் சாரம். 3,400 பேருக்குள் 57,78,300 ஜோடிகள் அமையும். 61 பேருக்குள் 1,830. ஆளாக எண்ணினால் நூற்றுக்கு இரண்டு பேர் வந்த மாதிரி இருக்கிறது. ஜோடியாக எண்ணினால் பத்தாயிரத்துக்கு மூன்றுதான் வந்து சேர்ந்திருக்கிறது. புது இடம் ஏன் அவ்வளவு வெறிச்சென்று இருந்தது என்று இப்போது புரிகிறதா?

இந்தக் கணக்கை நான் முழுசாக நம்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊத்தங்கரைக்காரரும் தேன்கனிக்கோட்டைக்காரரும் ஒரே குரூப்பில் பத்து வருடம் இருந்தும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அந்த ஜோடியும் எண்ணிக்கையில் ஏறிவிடுகிறது. 57 லட்சம் ஜோடியில் நிஜமாகப் பேசிக்கொள்வது சில நூறு இருந்தால் அதிகம். ஆனால் இந்தக் குறைதான் உங்களுக்கு வழி திறந்துவிடுகிறது. வந்த 61 பேரும் யார்? புதுசு என்றால் எட்டிப் பார்க்கிறவர்களா, உங்கள் மேல் பிரியமுள்ளவர்களா, அல்லது பழைய குரூப்பில் தினமும் கேள்வி கேட்டு, பதில் சொல்லி, சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களா? முதல் இரண்டு வகைதான் அதிகம் என்பது என் ஊகம். அவர்கள் உங்களுக்காக வந்தார்கள். தங்களுக்குள் அவர்களுக்குப் பேச எதுவுமில்லை. நீங்கள் ஓய்ந்ததும் இடம் ஓய்ந்தது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம். 2006-இல் தருமபுரியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். மணிக்கு 20 ரூபாய். சாயங்காலம் ஆனால் எல்லாத் திரையிலும் ஆர்குட் என்ற அந்தக் காலத்துச் சமூக ஊடகம்தான். நான்கைந்து வருடத்தில் அதே திரைகளில் ஃபேஸ்புக் வந்துவிட்டது. எப்படி மாறியது என்பதைக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஒவ்வொரு ஆளாக மாறவில்லை. ஒரு கல்லூரியின் மூன்றாமாண்டு வகுப்பு ஒரே மாதத்தில் மொத்தமாகப் போனது. அடுத்து ஒரு விடுதி. அடுத்து பெங்களூரில் வேலை கிடைத்துப் போன ஒரு கூட்டம், இங்கே இருக்கும் தம்பி தங்கைகளையும் இழுத்துக்கொண்டு. ஃபேஸ்புக்கே அப்படி வளர்ந்ததுதான். 2004-இல் ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும் திறந்தார்கள். பிறகு கல்லூரி கல்லூரியாகச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் கதவு திறந்தது 2006 செப்டம்பரில்தான். ஒரு கல்லூரிக்குள் நுழையும்போது, அங்கே ஒருவருக்குத் தேவையான ஆட்களில் பெரும்பாலோர் ஒன்றாகக் கிடைத்துவிடுவார்கள். காலி அறை என்ற பிரச்சினையே எழாது.

அதே நான், 2011-இல் கூகுள் பிளஸ் என்ற சமூக ஊடகம் வந்தபோது ஆசையாகப் போய்க் குடியேறினேன். எனக்குத் தெரிந்த ஐந்து பேர் உலகின் ஐந்து மூலையிலிருந்து வந்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆளில்லாத ஊரில் பெரிய வீடு கட்டின மாதிரி. 2019 ஏப்ரலில் அதை மூடும்போது துக்கம் கேட்கக்கூட யாரும் வரவில்லை.

உங்கள் மகள் இப்போது ஒரு கேள்வி கேட்கலாம்: 'அப்படியென்றால் யாருமே எங்கேயும் மாற முடியாதா?' முடியும். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது, டிக்டாக் உட்பட. நம் மாவட்டங்களிலும் அதில் ஊறிக் கிடந்தவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. எருது விடும் விழா, கூத்து மேடை, ஓசூர் கம்பெனி வாசல் என்று எல்லாமே அதில் ஓடியது. ஒரே இரவில் நின்றது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தன. தீபாவளிக்குள் பழையபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். பழக்கம்தான் காரணம் என்றால் அவ்வளவு ஆழமான பழக்கம் அவ்வளவு சீக்கிரம் எப்படி இடம் மாறியது? 'எல்லாரும் போகட்டும், நானும் வர்றேன்' என்று நின்றவர்களை எல்லாம் அரசு ஒரே நாளில் வெளியே தள்ளிவிட்டது. பார்த்துக்கொண்டு நிற்க இடமே இல்லாமல் போனது. ஆனால் அதற்கும் விலை உண்டு. ஃபாலோயர்ஸ் லட்சக்கணக்கில் வைத்திருந்தவர்கள் புது இடத்தில் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினார்கள். பலர் அதற்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை 2021 ஜனவரி. வாட்ஸ்அப் புதிய தனியுரிமைக் கொள்கையை அறிவித்தது, பிப்ரவரி 8-க்குள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றது. கோபத்தில் எல்லோரும் சிக்னல் செயலியை இறக்கினார்கள், டெலிகிராம் இறக்கினார்கள். வந்த கூட்டத்தைத் தாங்காமல் ஜனவரி 15 அன்று சிக்னல் நின்றே போனது. வாட்ஸ்அப் கெடுவை மே 15-க்குத் தள்ளிவைத்தது. மே வந்தபோது நம் வீட்டுக் குடும்பக் குரூப் எங்கே இருந்தது? இருந்த இடத்தில்தான். 2025 செப்டம்பர் கடைசியில் ஜோஹோவின் அரட்டை செயலிக்கும் அப்படி ஒரு அலை வந்தது, தரவிறக்கப் பட்டியலில் முதல் இடத்துக்குப் போனது. என் போனிலும் இருக்கிறது, என் மனைவி போனிலும் இருக்கிறது. சாயங்காலம் பால் வாங்கி வரச் சொல்ல அவள் வாட்ஸ்அப்பில்தான் செய்தி அனுப்புகிறாள். செயலியில் குறை எதுவும் இல்லை. பழைய இடத்தை யாரும் பூட்டவில்லை, அதுதான் காரணம். செயலியை இறக்குவது கல்யாணத்துக்கு 'கண்டிப்பா வர்றேன்' என்று சொல்வது மாதிரி. பந்தியில் உட்காரும்போதுதான் கணக்கு.

மகள் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் இருக்கிறது. 1989-இல் ஜாக் நெட்ச் என்ற பொருளியலாளர் ஒரு வகுப்பு மாணவர்களுக்கு காபிக் குவளை கொடுத்தார். இன்னொரு வகுப்புக்கு சாக்லேட். பிறகு, 'வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம்' என்றார். இரண்டு வகுப்பிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் கையில் இருந்ததையே வைத்துக்கொண்டார்கள். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று முதலிலேயே விட்ட மூன்றாவது வகுப்பு ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பிரிந்தது. கையில் ஏறிவிட்ட பொருளுக்குக் கனம் கூடிவிடுகிறது. குவளைக்கே அப்படி என்றால் பதினோரு வருடத்துப் பூங்கொத்துக்கு எவ்வளவு இருக்கும்? விரல் தானாகப் பழைய படத்தைத் தொடுவதும் உண்மைதான். அதற்கு வைத்தியம் எளிது, அந்தச் செயலியைத் திரையின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். ஆனால் 3,400 பேரை அந்த வைத்தியம் நகர்த்தாது.

உங்களைக் கட்டிப்போட்டிருக்கும் இன்னொரு கயிறு யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது. உங்கள் செல்போன் நம்பர் எத்தனை வருடப் பழசு? நடுவில் கம்பெனியை மாற்றியிருப்பீர்கள், நம்பர் மாறியிருக்காது. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க வந்தது. அதற்கு முன் கம்பெனியை விட்டால் நம்பரும் போய்விடும், பில் புத்தகத்தில் அச்சடித்த நம்பரை எல்லாம் அடித்துத் திருத்த வேண்டும். அதற்குப் பயந்தே எத்தனையோ பேர் சிக்னல் எடுக்காத கம்பெனியில் கிடந்தார்கள். உங்கள் நர்சரி மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையும் அப்படித்தான். வருகிறவர் ஜிபே வைத்திருந்தால் என்ன, ஃபோன்பே வைத்திருந்தால் என்ன, காசு உங்கள் கணக்குக்கு வந்துவிடும். 2016-இல் யுபிஐ வந்தபோதே அப்படி அமைத்துவிட்டார்கள். ஒரு செயலி பிடிக்கவில்லை என்றால் இன்றைக்கே வேறு செயலிக்குப் போகலாம், யாரிடமும் சொல்லக்கூட வேண்டாம்.

சமூக ஊடகத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. புது இடத்திலிருந்து நீங்கள் போடுவதைப் பழைய இடத்தில் இருப்பவர் பார்க்க முடியாது. 2019-இல் கொண்டுவந்த தனிநபர் தரவு மசோதாவில் ஒருவர் தன் தரவை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை எழுதப்பட்டிருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் 2024 மார்ச் முதல் வாட்ஸ்அப் போன்ற பெரிய செய்திச் செயலிகளை மற்றவற்றுக்கும் கதவு திறக்கச் சொல்கிறது. அதுகூடச் செய்தி அனுப்புவதற்குத்தான், சமூக ஊடகப் பக்கங்களுக்கும் உங்களுடையது போன்ற குரூப்புகளுக்கும் கிடையாது. இங்கே போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் அந்த 2021 கொள்கைக்காக அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒத்துக்கொள் அல்லது வெளியே போ என்று நிறுத்துவது தவறு என்பது ஆணையத்தின் வாதம். வெளியே போக முடியாது என்பது ஆணையத்துக்கே தெரிந்திருக்கிறது, உங்களை ஏன் நீங்கள் திட்டிக்கொள்கிறீர்கள்?

சரி, என்ன செய்யலாம்? கன்று வியாபாரத்தையும் விவசாயிகள் குரூப்பையும் முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒன்றாகத் தெரிகிறது.

வியாபாரத்தைப் பொறுத்தவரை நகராதீர்கள். பிடிக்காத இடமாக இருந்தாலும் கடைவீதியில் பலகை இருக்கட்டும். ஆனால் வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயர், ஊர், போன் நம்பர், வாங்கிய ரகம், நட்ட மாதம் ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். செய்தி அனுப்பலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். பதினோரு வருடத்தில் உங்களிடம் கன்று வாங்கியவர்களில் எத்தனை பேரை அந்தத் தளத்தின் தயவில்லாமல் இன்று உங்களால் கூப்பிட முடியும்? நான் இதைக் கேட்காத வியாபாரி கிருஷ்ணகிரியில் இல்லை, பத்தில் எட்டுப் பேர் தலையைச் சொறிவார்கள். ஃபாலோயர்ஸ் என்பவர் தளத்தின் ஆள். நோட்டில் இருப்பவர் உங்கள் ஆள். அந்த நோட்டு கனத்த பிறகு தளம் ரீச்சைக் குறைத்தாலும் கூட்டினாலும் உங்களுக்குத் தூக்கம் கெடாது.

குரூப்பை நகர்த்தலாம். நீங்கள் செய்த தவறு இரண்டுதான். 3,400 பேரையும் கூப்பிட்டீர்கள், அதுவும் ஆடியில் கூப்பிட்டீர்கள். ஆடியில் மழையைப் பார்த்துக் கன்று நடுகிற அவசரம் எல்லோருக்கும். உங்களுக்கு அது விற்பனைக் காலம், அவர்களுக்கு வேலைக் காலம். அந்த நேரத்தில் வீடு மாறச் சொன்னால் யார் மாறுவார்?

தை, மாசிக்குக் காத்திருங்கள். பூ எடுக்கும் காலம். உங்கள் நர்சரியில் அப்போது கூட்டம் குறைவு, ஆனால் மாந்தோப்புக்காரர்களுக்கு அப்போதுதான் நெஞ்சு படபடக்கும். தத்துப்பூச்சி வந்துவிட்டது, பூவில் சாம்பல் படிகிறது, மருந்து இப்போது அடிக்கலாமா, பிஞ்சு பிடித்த பிறகா என்று ராத்திரி பத்து மணிக்குக்கூடக் கேள்வி வரும். பழைய குரூப்பில் போன வருடம் அந்த இரண்டு மாதத்தில் கேள்வி கேட்டவர்களையும் பதில் சொன்னவர்களையும் மகளை உட்காரவைத்துப் பட்டியல் எடுங்கள். முப்பது, நாற்பது பேர் தேறுவார்கள். அவர்கள்தான் உங்கள் குரூப். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அதில் தவறில்லை, பின்னால் தாங்களே வருவார்கள்.

அந்த நாற்பது பேருக்கும் போன் போடுங்கள். பொது அறிவிப்பு வேண்டாம், ஒவ்வொருவருக்கும் உங்கள் குரலில். 'மாமா, இன்னார் இன்னார் வர்றாங்க, பூ சமயத்துக் கேள்விய அங்க பேசிக்கலாம்' என்று சொல்லுங்கள். இன்னார் இன்னார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவருக்கு வேண்டியவர்கள் வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் 'எல்லாரும் போகட்டும்' என்று நிற்க மாட்டார். மருந்து பற்றிய பதிலை இரண்டு மாதம் நீங்கள் அங்கே மட்டும் சொல்லுங்கள். பழைய இடத்தில் யாராவது கேட்டால், 'அங்கே விவரமாகச் சொல்லியிருக்கிறேன்' என்று ஒரு வரி போதும். இது கொஞ்சம் கறார்தான். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே பதில் கிடைத்தால் புது இடத்துக்கு எவரும் வர ஒரு காரணமும் இருக்காது.

பழைய குரூப்பை மூடவும் வேண்டாம், 'போகிறேன்' என்று அறிவிக்கவும் வேண்டாம். இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தாய் மரத்துக் கிளையோடு தொட்டிச் செடியைச் சேர்த்துக் கட்டும் பழைய ஒட்டு முறையில் என்ன செய்வீர்கள்? கட்டின அன்றைக்கே கிளையை வெட்டுவீர்களா? இரண்டு மூன்று மாதம் விட்டு, ஒட்டுப் பிடித்ததா என்று பார்த்து, கிளையில் பாதி ஆழம் அறுத்துவிட்டு, இலை வாடவில்லை என்று தெரிந்த பிறகுதானே மீதியை அறுக்கிறீர்கள். ஆடி முதல் தேதி நீங்கள் கட்டின அன்றைக்கே அறுத்துவிட்டீர்கள்.

சித்திரையில் பாருங்கள். நீங்கள் ஒரு வாரம் எதுவும் போடாமல் இருந்தும் அந்த நாற்பது பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. நீங்கள் நிறுத்தினால் அவர்களும் நிறுத்துகிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள், பழைய இடத்திலேயே இருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லா ரகமும் எல்லா வேர்ச்செடியிலும் பிடித்துவிடுவதில்லை.

போலிப் பக்கம் தனி விவகாரம், அதற்குத் தளத்தை மாற்றுவது தீர்வாகாது. நீங்கள் போன பிறகு உங்கள் பெயரில் அங்கே அவன் மட்டும்தான் மிஞ்சுவான். பணம் கொடுத்து ஏமாந்த நான்கு பேரையும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யச் சொல்லுங்கள், நீங்களும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர்ப்பு அலுவலர் இருந்தாக வேண்டும். அவருக்கு நேரடியாகப் புகார் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அவர் பதில் திருப்தியாக இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம், கட்டணம் இல்லை. போலிப் பக்கத்தின் முகவரியையும் திரையையும் முதலில் படம் பிடித்துவிடுங்கள், ஏனென்றால் புகார் வாடை அடித்ததும் அவன் பக்கத்தை எடுத்துவிடுவான்.

கடைசியாகப் பூங்கொத்துப் படங்கள். கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், நான் அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே தோட்டத்தில், ஒரே மரத்தில், பதினோரு வருடம் முதல் பூ வந்த தேதி! அதைப் போய் ஒரு கம்பெனியின் கிடங்கில் வைத்திருக்கிறீர்களே. எனக்கும் ஆர்குட்டில் நண்பர்கள் எழுதிக் கொடுத்த நல்ல வார்த்தைகள் நிறைய இருந்தன. 2014 செப்டம்பர் 30 அன்று அதை மூடினார்கள். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லத்தான் செய்தார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

பெரிய தளங்களின் அமைப்புகளுக்குள் 'உங்கள் தகவலைப் பதிவிறக்கு' என்ற பொருள்பட ஒரு வசதி இருக்கும். தொடக்கத்திலிருந்து இன்றுவரை என்று காலத்தைக் குறித்து, படத் தரத்தை உயர்வாக வைத்துக் கேளுங்கள். கோப்பு தயாராக சில மணி நேரமோ சில நாளோ ஆகலாம். உங்கள் படங்களும் நீங்கள் எழுதியதும் தேதியோடு வரும். கீழே மற்றவர்கள் எழுதிய கருத்துகள் பெரும்பாலும் வராது, முக்கியமானவை இருக்கும் திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மகளுக்கு இது ஒரு மதிய வேலை. பிறகு அந்தப் பதினோரு தேதியையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அந்தந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி இருந்தது, பனி எப்போது இறங்கியது, காய் எவ்வளவு வந்தது என்று நினைவிருப்பதைச் சேருங்கள். காவேரிப்பட்டணம் பக்கம் பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மார்கழி முடிவதற்குள் இதைச் செய்துவிட்டால் நல்லது. அப்புறம் உங்கள் செந்தூராவில் பன்னிரண்டாவது பூ வந்துவிடும்.